புத்தளக் கரையோரச் சோளச் செய்கையாளர்: சேனையிலிருந்து தீன் ஆலை வரை

தமிழகத்து உழவர் 'சோளம்' எனக் கூறும் தானியம் ஒன்று. இலங்கைத் தமிழர் அச்சொல்லாற் குறிப்பது பிறிதொன்று. தமிழகத்தில் மக்காச்சோளம் என வேறுபிரித்துக் கூறப்படுவதே இங்கு சோளம். மட்டக்களப்புப் பேச்சு வழக்கிற் சோளன். தமிழகத்துச் சோளத்துக்கு இங்குள்ள பெயர் இறுங்கு. சிங்களத்தில் மக்காச்சோளம் 'பட இரிங்கு' என வழங்குவதையும் உடன்வைத்து நோக்கினால், புதிதாக வந்த பயிரொன்றுக்கு இருமொழியினரும் பழைய புன்செய்த் தானியங்களின் பெயர்களையே ஏற்றிக் கொண்டனர் என்பது புலனாகும். அமெரிக்கக் கண்டத்துப் பயிரான இது கொலம்பசின் கடற்பயணத்துக்குப் பின்னரே, ஐரோப்பிய வணிகத்தின் வழியாகக் கீழைத்தேயங்களை அடைந்தது. ஆகவே தினையும் வரகும் சங்கச் செய்யுளிற் பெற்ற இடத்தை இது பெற்றிருக்க இயலாது. குறிஞ்சிக்கும் முல்லைக்கும் உரிய கருப்பொருட் பட்டியலை மனப்பாடஞ் செய்த எமது இலக்கியக் கல்வி, பட்டியலில் இல்லாத பயிரையும் அதனைப் பயிரிடுவோரையும் காணாது விட்டதில் வியப்பில்லை.

ஆனால் நவீன இலக்கியத்துக்கு இச்சமாதானம் பொருந்தாது. ஈழத்து முற்போக்கு இலக்கியம் உழைப்பாளரைப் பொருளாகக் கொண்டமை யாவரும் அறிந்ததே. நந்தியின் மலைக்கொழுந்து தோட்டத் தொழிலாளரையும், டானியலின் பஞ்சமர் யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்டோரையும், பாலமனோகரனின் நிலக்கிளி வன்னிக் காட்டோரக் குடியானவரையும் வாசகர் முன் நிறுத்தின. புத்தளக் கரையோரத்தின் மேட்டுநிலச் செய்கையாளர் இவ்வரிசையில் இடம்பெறவில்லை. அவரைப் பற்றிய சமூக வரலாறு எழுதப்படாமையும் இதற்கு ஒரு காரணமாகலாம். அவ்வரலாற்றின் சில கூறுகளை இக்கட்டுரையில் தொகுத்து நோக்க முற்படுகின்றோம். எமது வினா எளியது: சோளம் விளையும் நிலம் யாருடையது, விளைந்த சோளம் யாரிடம் செல்கின்றது?

முதலில் நிலத்தைப் பார்ப்போம். புத்தள மாவட்டம் கடலோரமாக நீண்டு கிடப்பது. தெற்கே வென்னப்புவ, மாரவில, சிலாபம் ஆகிய பகுதிகளில் மழை ஓரளவு மிகுதி. தென்னை அங்கே முதன்மைப் பயிர். வடக்கே செல்லச் செல்ல உலர்வலயம் தொடங்கும். முந்தல், புத்தளம், வண்ணாத்திவில்லு ஆகியவற்றைக் கடந்தால் கலா ஓயாவும் அதற்கப்பால் வில்பத்துக் காடும் உள. மேற்கே களப்பு, களப்புக்கும் கடலுக்கும் நடுவே கற்பிட்டிக் குடாநாடு. கிழக்கே கருவலகஸ்வெவ, நவகத்தேகம, ஆனமடுவ ஆகிய உள்நிலப் பகுதிகள். அவ்வுள்நிலத்திற் பெரும்பகுதி முன்னர் 'தெமள ஹத்பத்து' என வழங்கிற்று. தமிழர் ஏழுபற்று எனப் பொருள்படும் இப்பெயரைத் தாங்கிய நிலத்தில் இன்று பெரும்பாலும் சிங்களம் பேசும் குடியானவரே வாழ்கின்றனர். மொழி மாறிற்று, நிலத்தின் வறட்சியும் செய்கை முறையும் மாறவில்லை. ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. வில்லு, மோட்டை, மடு, குளம், வெவ என முடியும் பெயர்கள் இருமொழியிலும் நிறைந்துள்ளன. நீர் அரிதான இடத்திலேயே நீர்நிலையின் பெயர் ஊருக்குப் பெயராகின்றது.

கற்பிட்டியில் 1807 இற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் அவற்றின் குடிகளையும் விளைபொருள்களையும் அகரவரிசைப்படி விபரிக்கும் கசற்றியர் ஒன்றை 1834 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ் மாணவர் அவரைப் 1859 இல் வெளிவந்த தமிழ் புளூட்டாக்கின் ஆசிரியராகவே அறிவர். புலவர் வரலாற்றைத் தொகுத்த நூல் பாடத்திட்டத்திற் புகுந்தது. குடியானவர் வரலாற்றுக்கு உதவும் நூல் புகவில்லை. இதனை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

மேற்கூறிய நிலத்திற் சோளம் விளைந்தது சேனையில். வறள்மாதங்களிற் காட்டை வெட்டிக் காயவிட்டு எரித்து, ஒக்டோபர் மழையுடன் விதைத்து, ஓரிரு ஆண்டுகளின் பின் அந்நிலத்தைத் தரிசாக விட்டு வேறிடஞ் செல்லும் முறையே சேனைச் செய்கை. குரக்கன், சோளம், எள்ளு, பயறு, பூசணி முதலியன ஒரே துண்டில் கலந்து விளைந்தன. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் ஏற்பாடு அது. அலம்பல் வேலி அடைத்துப் பரண் கட்டிப் பன்றிக்கும் யானைக்கும் இரவெல்லாம் காவலிருந்தனர். வேலியடைப்புக்கும் அறுவடைக்கும் ஒருவர் வீட்டார் மற்றவர்க்கு முறைவைத்து உழைத்தனர். சிங்களத்தில் இதனை 'அத்தம்' என்பர். நல்ல கதிர்களைத் தெரிந்து உரியோடு அடுப்பங்கரைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் புகைபட்டு வண்டு அணுகாது. அடுத்த மழைக்கு அதுவே விதை.

குடியேற்ற அதிகாரிகள் இச்செய்கையைச் சோம்பேறிகளின் தொழிலென இகழ்ந்தனர். காட்டை அழிப்பது, வரி பெறுவதற்கு வசதியற்றது, ஆளை ஓரிடத்தில் நிலைபெறச் செய்யாதது என்பன அவர்களின் குறைபாடுகள். மூன்றாவது குறைபாடே உண்மையானது என நாம் கருதுகின்றோம். காட்டுத் துண்டொன்றில் மூன்று மாத உழைப்பால் ஆண்டின் உணவைப் பெறக்கூடியவன் தோட்டத்திற் கூலியாளாக நிற்க விரும்பான். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டமும், உறுதிப்பத்திரங் காட்ட இயலாத காட்டையும் சேனையையும் முடிக்குரியவையாகக் கொள்ள வழிவகுத்தன. இவ்வாறு அரசின் கைக்கு வந்த நிலம் மலைநாட்டிற் கோப்பிக்கும் தேயிலைக்கும் விற்கப்பட்ட கதை பலரால் எழுதப்பட்டுள்ளது. கரையோரத்தில் அதே நிலம் தென்னைக்குச் சென்றது. ஐரோப்பியருடன், சாராயக் குத்தகையாலும் வணிகத்தாலும் பொருளீட்டிய உள்நாட்டுச் செல்வரும் அங்கே தோட்டச் சொந்தக்காரராயினர். 1926 இல் புகையிரதப் பாதை புத்தளத்தை அடைந்ததும், தேங்காயும் கொப்பறாவும் கொழும்புத் துறைமுகத்துக்குச் செல்லும் வழி எளிதாயிற்று. சேனைக்காரன் கிழக்கே, காட்டுக்குள் தள்ளப்பட்டான்.

எஞ்சிய காட்டிற் சேனை வெட்டுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அச்சீட்டு யாருக்குக் கிடைக்கும் என்பதைக் கிராமத் தலைவனின் வாய்ச்சொல் தீர்மானித்தது. இது எத்தகைய அதிகாரம் என்பதை அறியப் புத்தளத்தைப் பற்றிய இலக்கியச் சான்று எமக்கில்லை. தீவின் தென்கிழக்குக் கரையைப் பற்றிய ஒன்று உண்டு. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய லெனாட் வூல்ஃப், 1913 இல் வெளியிட்ட 'காட்டிலுள்ள கிராமம்' என்னும் ஆங்கில நாவல் அது. தலைவன் பபேஹாமி சேனைச் சீட்டை மறுப்பதும், வெளியூரிலிருந்து வந்த கடன்காரன் அதனோடு சேர்ந்துகொள்வதும், சிலிந்துவின் குடும்பம் அழிவதும் அதன் கதை. வூல்ஃப் தாமே அனுமதி வழங்கும் பொறியின் ஓர் உறுப்பாக இருந்தவர். அதனாலேயே அப்பொறி எங்கு உராய்கின்றது என்பதை அவரால் எழுத முடிந்தது. காடும் மழையும் கடனும் ஒத்திருந்தமையால், அந்நாவலிற் கூறப்படும் உறவுகளைப் புத்தளத்துக்கும் பொருத்திப் பார்த்தல் தவறாகாது.

இங்கு ஒரு வேறுபாட்டையும் குறித்தல் வேண்டும். அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்தைப் போலப் புத்தளத்துச் சேனைக்காரன் முற்றாகத் தனித்திருக்கவில்லை. களப்பும் உப்பளமும் தென்னந்தோட்டமும் அவனுக்கு அண்மையில் இருந்தன. உப்பு வறள்மாதங்களில் விளைவது. சோளம் மழைமாதங்களில் விளைவது. ஆகவே ஒரே குடும்பத்தார் ஆண்டின் ஒரு பகுதியில் உப்பளத்திலோ மீன்வாடியிலோ தென்னந்தோட்டத்திலோ கூலியாட்களாகவும், மற்றொரு பகுதியிற் சேனைச் செய்கையாளராகவும் இருத்தல் இயல்வதாயிற்று. மேலோட்டமாக நோக்கின் இது குடும்பத்துக்கு நன்மை. ஆனால் கூலி கொடுப்போனின் நிலையிலிருந்து நோக்கினால் வேறொன்று தெரியும். சேனைத் தானியம் வீட்டாரின் வயிற்றைப் பாதி நிரப்பிவிடுவதால், உப்பளத்துக் கூலி முழு வயிற்றுக்கும் போதுமானதாக இருக்க வேண்டியதில்லை. குரக்கனும் சோளமும் உப்பின் விலையைத் தாழ்த்தி வைத்தன என்று கூறினும் பொருந்தும். சிறுநிலவுடைமை நிலைத்து நிற்பதற்கு அதன் திறமையே காரணம் என வாதிட்டோருக்கு, மிகையுழைப்பும் குறையுணவுமே காரணமென்று 1899 இல் விடைகூறிய கார்ல் கௌட்ஸ்கியின் நூல் ஜெர்மானியக் குடியானவரைப் பற்றியது. எனினும் அவ்விடை எமது கரைக்கும் உரியது.

சுதந்திரத்தின் பின்னர் அரசின் கவனம் நெல்லின்மேற் குவிந்தது. நீர்ப்பாசனம், குடியேற்றத் திட்டம், உத்தரவாத விலை ஆகியவற்றில் நெல்லே முதலிடம் பெற்றது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் குடியானவருக்கு ஓரளவு பாதுகாப்பளித்தது. பெயருக்கேற்ப அது நெற்காணியோடு நின்றது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தபோது தென்னந்தோட்டங்கள் சில கைமாறின. ஆயினும் தன் பெயரில் எக்காணியும் இல்லாத சேனைக்காரனுக்கு உச்சவரம்பால் வருவதும் போவதும் சிறிதே. சட்டத்தின் மொழியில் அவன் 'அத்துமீறிப் பிடித்தவன்'. மூன்று தலைமுறையாக அதே காட்டைச் சுற்றிச் சுற்றிப் பயிரிட்டவனுக்கும் அப்பெயரே.

1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் வெங்காயமும் மிளகாயும் பொன்விலை பெற்றன. யாழ்ப்பாணக் கமக்காரரைப் போலவே கற்பிட்டி மணல்நிலத்துக் கமக்காரரும் கிணற்று நீரை இறைத்து முன்னேறினர். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அவ்வளர்ச்சி அடிபட்டது. இக்கதை பலமுறை கூறப்பட்டதாகலின் விரித்துரையோம். கற்பிட்டியின் தீவிரச் செய்கை நின்றுவிடவில்லை என்பதையும், மிகையாக இட்ட உரம் மணலூடாக வடிந்து அங்குள்ள நிலத்தடி நீரில் நைத்திரேற்றைக் கூட்டிவிட்டதைப் பின்வந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின என்பதையும் மட்டும் குறித்துச் செல்கின்றோம். சோளத்தின் திருப்புமுனையும் 1977 உடனேயே தொடர்புடையது. ஆனால் அது வேறு வழியாக வந்தது.

திறந்த பொருளாதாரத்தின் பின்னர் கோழிப்பண்ணைத் தொழில் விரைந்து வளர்ந்தது. வடமேல் மாகாணமும் மேல் மாகாணமும் அதன் மையங்களாயின. புத்தள மாவட்டத்தின் தென்கரையே அம்மையங்களுள் ஒன்று. கோழித்தீனில் ஏறத்தாழ அரைப்பங்கு சோளம். இவ்வாறு, மாவட்டத்தின் வறண்ட பகுதிகளில் மனிதர் உண்ட தானியம் அதே மாவட்டத்தின் தென்கரையில் ஆலைக்குரிய மூலப்பொருளாயிற்று. நாடளாவிய நிலையில் அநுராதபுரம், மொனராகலை, பதுளை, அம்பாறை ஆகிய மாவட்டங்களே சோள உற்பத்தியில் முன்னிற்பன. புத்தளத்தின் பங்கு சிறிது. எனினும் விளைவிப்போனும் ஆலையும் கோழியும் ஒரே மாவட்டத்துக்குள் காணப்படுவதால், அவற்றினிடையேயுள்ள உறவை நோக்குவதற்கு இதனிலும் வாய்ப்பான இடம் அரிது.

மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பத்ரா, ருவன் முதலிய இனங்கள் திறந்த மகரந்தச் சேர்க்கையுடையவை. அவற்றின் கதிரிலிருந்து விதை எடுத்து மீண்டும் விதைக்கலாம். 1990 களின் இறுதிவரை நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேயருக்கு ஒரு தொன்னை ஒட்டியே நின்றது. பின்னர் இறக்குமதியான கலப்பின விதை பரவியது. சராசரி விளைச்சல் மூன்று தொன்னைத் தாண்டியது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை வரவேற்கும் மரபைச் சேர்ந்த நாம் இதனைக் குறைத்துக் கூறோம். ஒரே நிலத்தில் மும்மடங்கு விளைவது பெரும் பேறு. ஆனால் கலப்பினத்தின் இயல்பு யாதெனில், அதன் மணியை மீண்டும் விதைத்தால் மறுதலைமுறையில் விளைச்சல் வீழ்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் விதைப் பொதியைக் காசுக்கு வாங்கியாக வேண்டும். அடுப்பங்கரைக்கு மேலிருந்த விதைக் களஞ்சியம் கடைத்தெருவுக்குப் போயிற்று. விதையைத் தொடர்ந்து உரமும் களைநாசினியும் உழவு இயந்திரக் கூலியும் வந்தன. இடம்மாறிய சேனை நிலையான மேட்டுநிலச் செய்கையாயிற்று; கலந்து விளைந்த துண்டிலே சோளம் மட்டும் நின்றது.

காசு எங்கிருந்து வரும்? வங்கி பிணை கேட்கும். காணிப்பத்திரம் இல்லாதவனிடம் பிணைவைக்க எதுவுமில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவனும் அதனை விரும்பியவாறு ஈடுவைக்க இயலாது. 1990 களின் இறுதியில் மத்திய வங்கி முன்விற்பனை ஒப்பந்த முறையை ஊக்குவித்தது. ஆலைக்காரரும் செய்கையாளரும் விதைப்புக்கு முன்னரே விலை பேசிக்கொள்ளும் ஏற்பாடு அது. கூட்டாக இயங்கக்கூடிய இடங்களில் அது பயன்தந்தது. சிதறிக் கிடக்கும் ஓரேக்கர், இரண்டேக்கர்க்காரரை ஒவ்வொருவராக அணுகுதல் ஆலைக்குச் செலவு. அந்த இடைவெளியை நிரப்புபவர் கிராமத்து முதலாளி.

இச்சொல்லைச் சற்று நின்று நோக்கலாம். எமது கட்டுரைகளில் முதலாளி என்றால் ஆலையுடையோன், உபரிமதிப்பை அபகரிப்போன். புத்தளக் கிராமத்தில், தமிழிலும் சிங்களத்திலும், முதலாளி என்பவர் கடைக்காரர். மக்கள் வழக்கு அறியாமையால் தோன்றியதன்று. விதை, உரம், அரிசி, பாடசாலைக் கொப்பி, மருந்துச் செலவு யாவும் அவரிடமே கடனாகப் பெறப்படுகின்றன. வட்டி என ஒரு தொகை எழுதப்படுவதில்லை. கடனாகக் கொடுக்கும் பொருளின் விலை காசுக்கு விற்கும் விலையிலும் கூடியது. அறுவடையில் எடுக்கும் சோளத்தின் விலை சந்தை விலையிலும் குறைந்தது. இரு விலைகளுக்கும் இடையிலே வட்டி மறைந்து கிடக்கின்றது. இதனைச் சுரண்டல் எனச் செய்கையாளர் கூறுவது அரிது. 'முதலாளி உதவி செய்கிறார்' என்பதே பொதுவான பேச்சு. மகள் நோயுற்ற இரவிலே வாகனம் தந்தவர் அவரே என்பதால் அப்பேச்சிற் பொய்யுமில்லை. வணிக மூலதனம் உறவின் உருவிலே இயங்குவதைப் பாடநூல்கள் இத்துணைத் தெளிவாகக் காட்டுவதில்லை. அவரும் நகரத்து மொத்த வியாபாரியிடம் கடன்பட்டவரே என்பதையும் மறத்தலாகாது.

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் உலர்வலயமெங்கும் ஒரே வேளையில் அறுவடை. எல்லோரும் ஒருங்கே விற்க வருகின்றனர். மணி ஈரமாயிருந்தால் ஈரத்துக்கென நிறை கழிக்கப்படும், சாக்குக்கெனவும் கழிக்கப்படும். உலர்த்தும் களமும் களஞ்சியமும் இல்லாதவன், வண்டு பிடிக்குமுன் விற்றாக வேண்டும். மூன்று மாதம் பொறுத்தால் விலை ஏறும் என்பதை அவன் அறியாதவனல்லன். பொறுப்பதற்குரிய ஆற்றலே மூலதனம்; அது அவனிடமில்லை. இதனோடு அரசின் இறக்குமதி அனுமதியும் சேர்கின்றது. ஆலைகள் தட்டுப்பாடெனக் கூறி வெளிநாட்டுச் சோளத்துக்கு அனுமதி கேட்கும். அனுமதி வழங்கப்படும் செய்தியே உள்ளூர் விலையை வீழ்த்தப் போதுமானது. முட்டையின் விலை உயர்ந்தால் நகரத்து நுகர்வோர் குரலெழுப்புவர்; செய்தித்தாள் எழுதும். சோளத்தின் விலை வீழ்ந்தால் எழும் குரல் கருவலகஸ்வெவக்கு அப்பால் கேட்பதில்லை. 1852 இல் பிரெஞ்சுச் சிறுகுடியானவரை ஒரு சாக்கில் கிடக்கும் உருளைக்கிழங்குகளுக்கு ஒப்பிட்டு, ஒரே நிலையிலிருந்தும் ஒன்றுசேரா நிலையை மார்க்ஸ் விளக்கினார். எமது செய்கையாளரிடையே மொழியும் மதமும் அச்சாக்கினுள் மேலும் தடுப்புகளை இட்டுள்ளன. ஒரே கடைக் கொப்பியில் சிங்களப் பெயரும் முஸ்லிம் பெயரும் தமிழ்ப் பெயரும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருத்தல் கூடும். அவர்கள் ஒன்றாகக் கூடும் சங்கம் காண்பது அரிது.

உழைப்போருள் இருசாராரைத் தனியே குறிப்பிடல் வேண்டும். ஒருசாரார் பெண்கள். விதையூன்றல், களையெடுத்தல், கதிரொடித்தல், உரித்தல் ஆகியவை பெரும்பாலும் அவர்களின் வேலை. உலர்வலயப் பெருந்தெருக்களின் ஓரத்தில் அடுப்புமூட்டி, அவித்த கதிர்களை வழிப்போக்கருக்கு விற்பவரும் அவர்களே. கடனுக்கு ஈடாகாமல் வீட்டாரின் கைக்கே காசாக வரும் சோளம் அந்த இளங்கதிர் மாத்திரமே என்பதால் அச்சிறு வியாபாரத்தை அற்பமெனக் கருதலாகாது. மற்றொரு சாரார் வடக்கிலிருந்து வந்தோர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளக் கரையிலேயே தஞ்சமடைந்தனர். கற்பிட்டி, ஆலங்குடா, தில்லையடி முதலிய இடங்களில் ஓலைக் குடிசைகள் எழுந்தன. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் காணியும் கடையும் வைத்திருந்தோர் வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் நாட்கூலியாயினர். இடங்கொடுத்த ஊரின் ஏழைகளுக்கு அவர்களின் வருகை கூலிப்போட்டியாகவும் தோன்றியது. அகதியின் துயரை எமது கவிஞர் பாடினர்; அகதியின் நாட்கூலி எவ்வளவு எனக் கேட்டோர் சிலரே.

2018 இன் பிற்பகுதியில் படைப்புழு இலங்கையை அடைந்தது. மக்கள் அதனைச் 'சேனாப் புழு' என அழைத்தனர். சோளத்தைப் போலவே அதுவும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது; 2016 இல் ஆபிரிக்காவிலும் 2018 இல் இந்தியாவிலும் காணப்பட்டுப் பின்னர் இங்கு வந்தது. அப்பெரும்போகத்துச் சோளம் பெரிதும் பாதிக்கப்பட்டது. பல பயிர்கள் கலந்து நின்ற பழைய சேனையில் ஒரு பயிரின் அழிவு முழு அழிவாகாது. சோளம் மட்டும் நின்ற நிலத்தில் அது முழு அழிவு. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு இறுதிக்குள் தடை நீக்கப்பட்டபோதிலும் விதைப்புக் காலம் காத்திருக்கவில்லை. உரமின்றிக் கலப்பின விதை தன் பெயருக்குரிய விளைவைத் தராது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது வெளிநாட்டுச் சோளமும் வரவில்லை. தீன் இன்றிப் பண்ணைகள் சுருங்கின. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியாயிற்று. இவற்றோடு யானையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வண்ணாத்திவில்லு, கருவலகஸ்வெவப் பகுதிகளில் யானை நுழையாத சோளக் காணி அரிது. 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் நாடெங்கும் நானூறுக்கும் மேற்பட்ட யானைகளும் நூறுக்கும் மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர். காட்டின் ஓரத்திற் காணி தேடுவோன் காணியற்றவனே. ஆகவே யானையை எதிர்கொள்பவனும் அவனே.

இச்சோளத்தின் மற்றொரு போக்கிடத்தையும் கூறல் வேண்டும். 1973 முதல் கருவுற்ற தாய்மாருக்கும் நிறைகுறைந்த குழந்தைகளுக்கும் அரசு இலவசமாக வழங்கிவரும் திரிபோஷ என்னும் சத்துணவு, சோளமும் சோயாவும் சேர்ந்தது. 2022 இல், போதிய தரமுள்ள சோளம் கிடைக்காமை ஒரு காரணமாக, அதன் உற்பத்தி தடைப்பட்டது. முன்னர் சேனை வீட்டுப் பிள்ளை சோளத்தைக் கதிராகவும் மாவாகவும் வீட்டிலேயே உண்டது. பின்னர் அவ்வீட்டுச் சோளம் கடன் தீர்க்க ஆலைக்குச் சென்றது. பிள்ளை நிறைகுறைந்தபோது, அரசு அதே தானியத்தைப் பொதியிலிட்டுச் சிகிச்சை நிலையத்தின் வழியாகத் திருப்பியனுப்பிற்று. பொதியும் வராத ஆண்டில் அவ்வீட்டில் சோளமும் இல்லை, திரிபோஷவும் இல்லை.

இலக்கிய மாணவராகிய எமக்கு இவ்விடயத்தில் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. பரணிற் காவலிருந்தோர் பாடிய பாடல்களைச் சேகரித்தல் நன்று; ஆனால் பரண்காவல் குறைந்து மின்வேலி வந்துவிட்டமையால் அவற்றை அறிந்தோர் முதியோர் சிலரே. சேகரிப்போர் பாடலோடு நின்றுவிடாமற் கடைக் கொப்பிகளையும் தேடுதல் வேண்டும். எந்த மாதத்தில் விதை வாங்கப்பட்டது, என்ன விலை எழுதப்பட்டது, எத்தனை மூடை சோளத்தால் எவ்வளவு கழிக்கப்பட்டது, எவ்வளவு அடுத்த போகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்னும் விபரங்கள் வேறெங்கும் எழுதப்படவில்லை. கணக்குத் தீர்ந்த கொப்பிகளை எவரும் பேணி வைப்பதில்லை. பெரும்பாலானவை கடலைச் சரை சுற்றும் தாளாகவே முடிகின்றன.